ஏ.சி. கூலிங் இல்லையா? "கேஸ் போயிடுச்சு" என்று நம்பும் முன் பில்டரை கழட்டி பாருங்க!

சென்னை:-

கோடை வந்து விட்டால் சென்னையில் ஏ.சி. மெக்கானிக்குகளை கையில் பிடிக்க முடியாது. மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கி விட்டால் போன் போட்டாலும் 2 நாள், 3 நாள் கழித்துத்தான் வருவார்கள். அதுவரை வீட்டில் உள்ளவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டில் மட்டும் இருந்த ஏ.சி. இப்போது வியாசர்பாடி, பெரம்பூர், எண்ணூர், சைதாப்பேட்டை என்று சின்ன சின்ன வாடகை வீடுகளுக்கும் வந்து விட்டது. மாதத்தவணையில் வாங்கி 10-க்கு 10 அறையில் மாட்டி இருக்கிறார்கள். மேலே வெயில் காயும் மொட்டை மாடி. கீழே கைக்குழந்தை, வயதான பெரியவர்கள். அந்த வீடுகளில் ஏ.சி. ஆடம்பரம் இல்லை. ராத்திரி தூங்க வேண்டும் என்றால் அது ஓடியே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டில் திடீரென்று கூலிங் குறைந்தால் என்ன நடக்கிறது? மெக்கானிக் வருகிறார். மேலே ஒரு பார்வை பார்க்கிறார். "கேஸ் போயிடுச்சு, போடணும்" என்கிறார். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் செலவு. நேர்மையாக வேலை செய்யும் மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் கோளாறு கேசில் இல்லை. காசே செலவில்லாமல் குழாய் தண்ணீரில் கழுவி விடக்கூடிய ஒரு வலையில் இருக்கிறது. அதன் பெயர்தான் ஏர் பில்டர்.

பில்டர் எங்கே இருக்கு?

சுவரில் மாட்டி இருக்கும் ஸ்பிலிட் ஏ.சி.யின் முன்பக்க மூடியை மேலே தூக்கினால் கொசுவலை மாதிரி 2 பிளாஸ்டிக் வலைகள் தெரியும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதுதான் பில்டர். ஜன்னல் ஏ.சி.யில் முன்பக்க கிரில்லுக்கு பின்னால் ஒரே வலையாக இருக்கும்.

ஏ.சி. வெளியில் இருந்து குளிர் காற்றை கொண்டு வருவதாக நிறைய பேர் நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்பிலிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் மேல்பக்கம் இழுக்கிறது. அந்த காற்று வலை வழியாக நுழைந்து, உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் பட்டு குளிர்ந்து, கீழ்பக்கம் வெளியே வருகிறது. ஒரே காற்று திரும்ப திரும்ப சுற்றுகிறது.

அறையில் இருக்கும் தூசு, தலைமுடி, துணி நூல், மெத்தை பஞ்சு எல்லாம் அந்த வலையில்தான் வந்து ஒட்டும். சென்னையில் தூசுக்கு பஞ்சமே இல்லை. ரோடு தோண்டுகிறார்கள், பக்கத்து மனையில் கட்டிடம் எழும்புகிறது, லாரி போகிறது. வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிக்கிற எண்ணெய் புகை. போகிக்கும் தீபாவளிக்கும் கேட்கவே வேண்டாம். எண்ணெய் புகையும் தூசும் சேர்ந்தால் வலையில் அப்பளம் மாதிரி ஒட்டிக் கொள்ளும்.

அடைத்தால் என்ன ஆகும்?

வலை அடைத்தால் காற்று போக வழி இல்லை. உள்ளே காயில் நல்ல குளிராகத்தான் இருக்கும். ஆனால் அந்த குளிரை அறைக்கு எடுத்து வர காற்று இல்லை. ரிமோட்டில் 24 வைத்தாலும் அறை 24-க்கு வராது. அறை குளிராத வரை வெளியே இருக்கும் கம்ப்ரசர் நிற்காது. ஏ.சி.யில் கரண்டை விழுங்குவதே இந்த கம்ப்ரசர்தான். சாதாரண 1½ டன் ஏ.சி.யில் கம்ப்ரசர் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1½ யூனிட் போய்விடும். இன்வெர்ட்டர் ஏ.சி.யும் இதற்கு விதிவிலக்கு இல்லை. அறை குளிர்ந்தால்தான் அது வேகத்தை குறைக்கும். குளிராவிட்டால் அதுவும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். காற்று படாத காயில் தேவைக்கு மேல் குளிர்ந்து ஜீரோ டிகிரிக்கு கீழே போய்விடும். காற்றில் இருக்கும் ஈரம் அதில் ஐஸ் கட்டியாக உறையும். ஐஸ் உறைந்தால் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். காற்று இன்னும் குறையும், ஐஸ் இன்னும் கூடும். ஏ.சி.யை நிறுத்தியதும் அந்த ஐஸ் மொத்தமாக உருகி, தட்டில் பிடிக்காமல் சுவரில் வழியும். கட்டில், டி.வி. எல்லாம் நனையும்.

இதோடு முடியவில்லை. காயிலில் ஆவியாக மாற வேண்டிய கேஸ், சூடு கிடைக்காமல் திரவமாகவே கம்ப்ரசருக்கு திரும்பலாம். கம்ப்ரசர் ஆவியை அழுத்தத்தான் செய்யப்பட்டது. திரவம் உள்ளே போனால் அடி வாங்கும். கம்ப்ரசர் போனால் செலவு பத்தாயிரத்தை தாண்டும். கழுவாத வலையால் கடைசியில் தவணை முடியாத ஏ.சி.யே மூலைக்கு போகும் நிலை வரும்.

"கேஸ் போயிடுச்சு" - எது நிஜம்?

இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பைக்குக்கு போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்து போவது அல்ல. நான்கு பக்கமும் மூடிய செம்பு குழாய்க்குள் அதே கேஸ் சுற்றி சுற்றி வருகிறது. எங்கேயாவது ஓட்டை விழுந்தால் மட்டும்தான் குறையும். ஓட்டை இல்லை என்றால் பல வருடம் ஆனாலும் அளவு அப்படியே இருக்கும். "வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்பது கட்டுக்கதை.

அப்படியே கேஸ் குறைந்திருந்தாலும், முதலில் லீக் எங்கே என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றினால் அடுத்த சில வாரத்தில் அதுவும் போய்விடும். மெக்கானிக் கேஸ் போட வேண்டும் என்று சொன்னால் 3 கேள்வி கேளுங்கள்.

"லீக் எங்கே இருக்கு, காட்டுங்க?"

"லீக்கை அடைச்ச பிறகு வாக்குவம் போடுவீங்களா?"

"எத்தனை கிராம் ஏத்த போறீங்க, எடை வெச்சு ஏத்துவீங்களா?"

எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது வெளியே இருக்கும் யூனிட்டில் ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டு இருக்கும். இப்போது விற்கும் பெரும்பாலான வீட்டு ஏ.சி.களில் ஆர்-32 என்ற கேஸ் இருக்கிறது. இது ஓரளவு தீப்பிடிக்கும் தன்மை உடையது. எனவே கேஸ் வேலையில் வீட்டுக்காரர்கள் கை வைக்கவே கூடாது. பழகிய ஆள்தான் செய்ய வேண்டும்.

ஐஸ் கட்டுவதற்கு கேஸ் குறைவும் காரணமாக இருக்கலாம், பில்டர் அடைப்பும் காரணமாக இருக்கலாம். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி தெரியும். அதனால்தான் முதலில் செலவில்லாத வேலையை செய்து பார்க்க வேண்டும். பில்டரை கழுவி மாட்டிய பிறகு கூலிங் வந்து விட்டால் கேஸ் கதை அங்கேயே முடிந்து விடும்.

கழுவுவது எப்படி?

அரை மணி நேர வேலை. ஸ்குரு டிரைவர் கூட தேவை இல்லை.

1. ரிமோட்டில் ஏ.சி.யை நிறுத்துங்கள். அதோடு விடாமல் சுவிட்ச் அல்லது ஸ்டெபிலைசரையும் அணைத்து விடுங்கள். உள்ளே பேன் சுற்றுவது முழுதாக நிற்கட்டும்.

2. ஆடாத ஸ்டூல் அல்லது ஏணியில் ஏறுங்கள். பிளாஸ்டிக் சேர் வேண்டாம். கீழே ஒருவர் பிடித்துக் கொள்ளட்டும். கண்ணில் தூசு விழாமல் முகத்தில் துணி கட்டிக் கொள்வது நல்லது.

3. முன்பக்க மூடியின் 2 ஓரத்தையும் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். ஒரு அளவு போனதும் அதுவே நின்று கொள்ளும். அதற்கு மேல் நெம்பினால் உடையும்.

4. வலையின் கீழே இருக்கும் பிடியை லேசாக மேலே தள்ளி, பிறகு தன் பக்கமாக கீழ்நோக்கி இழுத்தால் வந்து விடும்.

5. வீட்டுக்கு வெளியே கொண்டு போய் காய்ந்த தூசை தட்டுங்கள். எடுத்ததும் தண்ணீரில் போட்டால் தூசு சேறாகி ஓட்டையில் உட்கார்ந்து கொள்ளும்.

6. தூசு ஒட்டி இருக்கும் பக்கத்துக்கு எதிர் பக்கத்தில் இருந்து குழாய் தண்ணீரை விடுங்கள். அப்போதுதான் தூசு வந்த வழியே வெளியே போகும். தூசு பக்கம் தண்ணீர் விட்டால் உள்ளே அழுத்திக் கொள்ளும்.

7. எண்ணெய் பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்பு தண்ணீரில் ஊற வைத்து, பழைய மெல்லிய டூத் பிரஷ்சால் லேசாக தேயுங்கள். இரும்பு நார், கெட்டி பிரஷ் போட்டால் வலை கிழியும். சுடு தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளைந்து போகும்.

8. நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சட்டம் கோணிக் கொள்ளும், பிறகு ஏ.சி.யில் சரியாக உட்காராது. முழுதாக காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடித்து நாற்றம் அடிக்கும்.

9. கழட்டிய மாதிரியே மாட்டி மூடியை "டக்" என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள்.

வலை காயும் வரை "கொஞ்ச நேரம்தானே" என்று பில்டர் இல்லாமல் ஏ.சி.யை ஓட விடக்கூடாது. தூசு நேராக காயிலில் போய் ஒட்டும். வலையை குழாயில் கழுவலாம். காயிலை கழுவ மெக்கானிக் வந்து ஜெட் பம்ப் போட வேண்டும்.

வலையை எடுத்ததும் உள்ளே பளபளவென்று அலுமினிய தகடுகள் தெரியும். அதுதான் காயில். பிளேடு மாதிரி கூர்மையானது, கையை கிழித்து விடும். தகடுகள் வளைந்தாலும் காற்று போகாது. அங்கே கை வைக்காமல் இருப்பதே நல்லது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

தினமும் ஏ.சி. ஓடும் கோடையில் 2 வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் தரும் கையேட்டிலும் இதுதான் இருக்கிறது. மெயின் ரோட்டு ஓரம், கட்டிட வேலை நடக்கும் இடம், சமையல் அறைக்கு பக்கத்தில் ஏ.சி. இருந்தால் வாரம் ஒருமுறை பாருங்கள். மழைக்காலத்தில் ஏ.சி.யை போடாமல் விட்டு வைத்திருந்தால், மறுபடி போடும் முன் கண்டிப்பாக கழுவ வேண்டும்.

மறந்து போகிறதா? சம்பள நாளையும் 15 நாள் கழித்து வரும் ஒரு நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எதை மாற்ற வேண்டும்?

வலை கிழிந்து விட்டால், சட்டம் உடைந்து விட்டால் புதியது வாங்கித்தான் ஆக வேண்டும். ஏ.சி.யின் பக்கத்தில் ஒட்டி இருக்கும் மாடல் நம்பரை போட்டோ எடுத்துக் கொண்டு சர்வீஸ் சென்டரிலோ, ஏ.சி. உதிரிபாக கடையிலோ கேட்கலாம். சில மாடல்களில் பெரிய வலையோடு சின்னதாக கருப்பு நிற கார்பன் பில்டர் அல்லது மடிப்பு மடிப்பான பில்டர் சேர்த்து மாட்டி இருப்பார்கள். இவற்றில் பலவற்றை கழுவக்கூடாது. காலம் முடிந்ததும் தூக்கிப்போட்டு விட்டு புதியது மாட்ட வேண்டும். கையேட்டை பார்த்து விட்டு தொடுங்கள்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் கதையே வேறு. அங்கே பல வீடுகளில் குளிர்காலத்தில் சூடாக்கவும் வெயில் காலத்தில் குளிராக்கவும் ஒரே மெஷினும் வீடு முழுக்க காற்று குழாய்களும் இருக்கும். அதில் 1 இஞ்ச் கனத்தில் மடிப்பு பில்டர் போடுகிறார்கள். கழுவுவது கிடையாது. 1 மாதம் முதல் 3 மாதத்துக்குள் மாற்றி விடுவார்கள். காற்று எந்த பக்கம் போக வேண்டும் என்று அதில் அம்புக்குறி போட்டு இருக்கும். திருப்பி மாட்டினால் சரியாக வேலை செய்யாது.

அங்கேயும் ஒரு பாடம் உண்டு. தூசு நன்றாக பிடிக்கட்டும் என்று மெஷின் தாங்காத அளவுக்கு கெட்டியான பில்டரை போட்டால் காற்று அடைபட்டு மெஷின் திணறும். இங்கே சிலர் வலைக்கு மேல் கைக்குட்டை, துணி கட்டி வைக்கிறார்கள். அதுவும் இதே கெடுதல்தான்.

காசு எவ்வளவு மிச்சம்?

அடைத்த பில்டரை எடுத்து விட்டு சுத்தமான பில்டர் போட்டால் ஏ.சி. இழுக்கும் கரண்டில் 5 முதல் 15 சதவீதம் வரை குறையும் என்பது அமெரிக்க எரிசக்தி துறை சொல்லும் கணக்கு.

இதை நம்ம ஊர் கணக்கில் பார்ப்போம். ஒரு டன் ஏ.சி. இரவில் 8 மணி நேரம் ஓடி 5 யூனிட் எடுப்பதாக வைத்துக் கொள்வோம். 60 நாளைக்கு 300 யூனிட். அதில் 10 சதவீதம் குறைந்தால் 30 யூனிட் மிச்சம். பல வாடகை வீடுகளில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கி விடுவார். யூனிட் 10 ரூபாய் என்றால் 300 ரூபாய் கையில் நிற்கும்.

சொந்த மீட்டர் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. 2022-ம் ஆண்டு கொண்டு வந்த மின்கட்டண முறையில் 2 மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் கட்டணம் ரூ.1,725. ஆனால் 500-ஐ தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை இருந்த ரூ.2.25 என்ற குறைந்த விலை போய், அதற்கும் ரூ.4.50 ஆகி விடும். 500-க்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய். அதனால் 510 யூனிட் ஓடினால் ரூ.2,030. வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்!

510 ஓடிய அதே வீட்டில் 30 யூனிட் குறைந்து 480 ஆகி இருந்தால் அந்த கணக்கில் ரூ.1,605-தான். 425 ரூபாய் வித்தியாசம். 2022-க்கு பிறகு கட்டணம் மாறி இருக்கிறது. எனவே உங்கள் மின் அட்டையில் எத்தனை யூனிட் என்று பார்த்து, எல்லையை தொடும் தூரத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். கழுவிய பில்டர் உங்களை கோட்டுக்கு இந்த பக்கமே நிறுத்தி விடலாம்.

பில்டரோடு சேர்த்து ரிமோட்டையும் கவனிக்க வேண்டும். ஏ.சி.யில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள ஏ.சி.களை போட்டதும் 24 டிகிரியில் தொடங்கும்படி செய்ய வேண்டும் என்று உத்தரவும் வந்தது. 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 18 வைத்தாலும் 24 வைத்தாலும் ஒரே மாதிரிதான் குளிரும். 18 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 24 வைத்து மேலே மின்விசிறியை மெதுவாக ஓட விட்டால் உடம்புக்கும் சுகம், பில்லுக்கும் சுகம்.

குழந்தைக்கு இருமலா?

ஏ.சி. வலை பெரிய தூசை மட்டும்தான் பிடிக்கும். புகை, கண்ணுக்கு தெரியாத நுண்தூசு, கிருமி எல்லாம் அதன் வழியாக தாராளமாக போய்விடும். "ஏ.சி. இருக்கு, காத்து சுத்தமா இருக்கு" என்று நினைத்துக் கொண்டு அறைக்குள் சிகரெட் பிடிப்பதும், கொசுவத்தி ஏற்றி கதவை மூடுவதும் ஆபத்து. அதே புகையைத்தான் ராத்திரி முழுக்க குழந்தை இழுக்கும். காலையில் எழுந்ததும் கதவு, ஜன்னலை நன்றாக திறந்து வைத்து வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும்.

ஏ.சி. போட்டதும் ஈரத்துணி நாற்றம் வந்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கலாம். ஏ.சி.யை அணைக்கும் முன் 10 நிமிடம் பேன் மட்டும் ஓடும்படி வைத்தால் காயிலில் இருக்கும் ஈரம் காய்ந்து நாற்றம் குறையும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் பில்டரை தாங்களே தட்டாமல் வேறு யாரையாவது செய்ய சொல்வது நல்லது.

எப்போது மெக்கானிக்கை கூப்பிட வேண்டும்?

பில்டர் கழுவினால் எல்லாம் சரியாகி விடும் என்று அர்த்தம் இல்லை. கீழே உள்ளது மாதிரி இருந்தால் ஏ.சி.யை நிறுத்தி விட்டு ஆளை கூப்பிடுங்கள்.

* பில்டர் கழுவி மாட்டியும் கூலிங் வரவில்லை, மறுபடியும் ஐஸ் கட்டுகிறது.

* பில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. அப்போது தண்ணீர் போகும் டிரெய்ன் பைப் அடைத்திருக்கும்.

* குழாய் இணைப்பு இடங்களில் எண்ணெய் கசிந்த மாதிரி கறை தெரிகிறது. கேஸ் லீக்குக்கு இது ஒரு அடையாளம்.

* கருகிய வாசனை வருகிறது, பிளக் சுடுகிறது, டிரிப் ஆகிறது. இதில் ஒரு நிமிடம் கூட தாமதம் கூடாது. மெயினை அணைத்து விடுங்கள்.

ஏ.சி.யை எக்ஸ்டென்ஷன் பாக்சில் சொருகவே கூடாது. தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பிளக்கில்தான் கொடுக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, கோடை தொடங்கும் முன் பிப்ரவரி, மார்ச்சில் மெக்கானிக்கை வைத்து காயில், வெளி யூனிட், டிரெய்ன் பைப் எல்லாவற்றையும் கழுவி விடுவது நல்லது. அப்போது கூட்டம் இருக்காது, ஆளும் நிதானமாக வேலை செய்வார். கடற்கரை ஓரம் திருவொற்றியூர், ராயபுரம், பட்டினப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றில் வெளி யூனிட் அரித்துப் போகாமல் இருக்க ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்க சொல்லலாம்.

சர்வீசுக்கு வந்தவர் வேலையை தொடங்கும் முன், பில்டரை கழட்டி காட்ட சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் அதை வாராவாரம் கழுவுகிறார்கள் என்று தெரிந்தால், "கேஸ் போயிடுச்சு" என்று சும்மா சொல்ல யாருக்கும் வாய் வராது.